கை நனைக்காமல் ஒரு கப்பல் பயணம்

புனேயில், கோர்படியில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ ஏறினால் கோந்த்வாவுக்கு அரை மணி நேரம். ரயில்வே கேட் மூடியிருந்தால் கொஞ்சம் கூட ஆகும். அந்தக் கோந்த்வாவில் இருக்கிற ஒரு பையனை என் மகளுக்குக் காட்டுவதற்காக, கொச்சி வரைக்கும் ரயிலில் போய், கப்பலேறி, அரபிக்கடல் நடுவில் இருக்கிற லட்சத்தீவுக்குப் போய்விட்டு வந்தோம். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். என்னை ஏன் பார்க்க வேண்டும்? யோசனை என்னுடையதே இல்லை.

யோசனை இரண்டு அப்பாக்களுடையது. என் வீட்டுக்காரரும் சண்முகம் அண்ணனும் ஒரே ராணுவத் தளவாடத் தொழிற்சாலை, வேறு வேறு பிரிவு. இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம், இரண்டும் சைவம், இரண்டும் புனேக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அண்ணன் மகன் செந்தில் ஹடப்சரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். என் மகள் வித்யாவும் ஹடப்சர்தான், கம்ப்யூட்டர் கம்பெனி. பொருத்தம் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. வித்யாதான் சரியில்லை. அதற்கு முன் வந்த மூன்று வரன்களுக்கும் பட்டுப்புடவை கட்டிக் கேசரித் தட்டோடு வந்து நின்றவள்தான். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியப்பா, "கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்றார். அவள் நடந்தாள். நேராக வாசலுக்கு நடந்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றோடு கேசரி முடிந்தது.

"இனிமே பொண்ணு பார்க்கிறது எல்லாம் நை சலேகா, நடக்காது" என்று வித்யா சொல்லிவிட்டாள். "நார்மலா எங்கயாவது பார்த்து, நார்மலா பேசி, புடிச்சா சொல்றேன்."

அவள் தமிழ் அப்படித்தான். பாதித் தமிழ், பாதி பள்ளிக்கூட இந்தி, மிச்சத்தை இங்கிலீஷ் நிரப்பும்.

நார்மலாக எங்கேயாவது என்றால் புனேயில் இடமா இல்லை? தொழிற்சாலைக்காரர்களுக்கு அது தோன்றாது. அவர்களுக்கு எல்.டி.சி. என்று ஒன்று உண்டு, அரசாங்கச் செலவில் குடும்பத்தோடு ஊர் சுற்றும் சலுகை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அதை எடுத்து, ஒரே கப்பலில் ஏறி, "தற்செயலாக" சந்தித்துக்கொள்வது என்று கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே முடிவு செய்துவிட்டார்கள். வித்யாவிடம் மூச்சு விடக்கூடாதாம்.

தற்செயலின் லட்சணத்தைக் கேளுங்கள். ரயிலிலேயே அவர்கள் எங்கள் பெட்டியில்தான் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துவிடக்கூடாது என்று இவர் இந்தக் கோடி கழிப்பறைக்கும் அண்ணன் அந்தக் கோடி கழிப்பறைக்குமாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கப்பலில் ஏறி, பையைக்கூட வைக்காமல் இவர் மேல்தளத்துக்கு ஓடி, "அடடே! சண்முகமா! நீ எங்க இங்ஙன!" என்று கத்தினார். தொழிற்சாலை ஆண்டு விழா நாடகத்தில் இவருக்கு ஏன் எப்போதும் காவல்காரன் வேஷமே கொடுத்தார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. வித்யா என் பக்கம் திரும்பி, "அம்மா, அந்தக் கூலிங் கிளாஸ் பையன்தானா?" என்று கேட்டாள். நான் கடலைப் பார்த்தேன்.

நல்லவேளை, கோபப்படவில்லை. "சலோ, கேசரி இல்லையே, அது போதும்" என்று சிரித்துவிட்டாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பாலைச் சாயங்காலமே செண்பகம் மதினி கொட்டிக் கவிழ்த்தார்.

செண்பகம் என்பது பையனின் அம்மா. ஒல்லியான உடம்பு, பெரிய பொட்டு, கையில் எப்போதும் ஒரு தட்டை டப்பா. சாயங்காலச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். குண்டுகுண்டாகக் கேரளா அரிசிச் சோறு, சாம்பார், முட்டைக்கோஸ், தொட்டால் வளையாத சப்பாத்தி. கப்பல் லேசாக ஆடியது. மதினி ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்த வித்யா, நான் சொல்லாமலே எழுந்து போய், ஒரு தட்டில் சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, "ஆன்ட்டி, நீங்க உக்காருங்க" என்று கையில் கொடுத்தாள். என் பெண்ணுக்கு இப்படியெல்லாம் செய்யத் தெரியுமா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மதினி தட்டை வாங்கினார். வித்யாவைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். பிறகு தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்று எழுந்து போய்விட்டார்.

வித்யாவின் முகம் செத்துவிட்டது. கேபினுக்கு வந்ததும் வெடித்தாள். "என் கையில என்ன அழுக்கா? நான் என்ன பண்ணேன்?"

நான் விளக்க வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்தில், பேச்சு முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பெண் வீட்டாரும் அப்படித்தான், மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் சாப்பிடாமல் திரும்பி வருவார்கள். ஒரு வாய் சோறு உள்ளே போனால் கையெழுத்துப் போட்ட மாதிரி.

"ஆனா இது நம்ம வீடு இல்லையே. ஷிப்!"

"பரிமாறினது நீதானே. பெண் கையால பரிமாறிட்டா கணக்கு ஒண்ணுதான்."

"அப்போ அவங்க சாப்பிட்டா எஸ், சாப்பிடலைன்னா நோ. என்னோட எஸ், நோ எங்க? எனக்குத் தட்டே இல்லையா?"

கப்பல் ஆடுது, படு என்றேன்.

காலையில் இவர் கப்பல் பயண மேனேஜரிடம் போய், எங்கள் இரண்டு குடும்பத்தையும் வேறு வேறு பந்திக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியாதாம். பந்தி பிரித்திருப்பது ஆபத்துக்காலப் படகுக் கணக்கில். எங்கள் கேபின்களும் அவர்கள் கேபின்களும் ஒரே படகு. "கப்பல் கவிழ்ந்தா மட்டும் ஒரே படகுல ஏறலாமாக்கும்? அப்ப நீச்சலடிச்சே போகச் சொல்லுங்க உங்க சம்பந்தியை" என்றேன். இவர் என் வாயைப் பொத்த வந்தார்.

மதினி காலை உணவுக்கும் வரவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார். சதாசிவ் பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு மராத்தி அம்மாள் தன் கணவரிடம், "பாருங்க, அந்தத் தமிழம்மா கடல்ல கூட விரதத்தை விடல, என்ன பக்தி" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சொன்னதோடு நிற்காமல், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சாபுதானா சிவ்டாவை டப்பாவோடு எடுத்துப் போய்க் கொடுத்தார். புனேக்காரர்களுக்கு விரதம் என்றால் ஜவ்வரிசி. மதினி அதை மூன்று பிடி வாங்கிச் சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன். சதாசிவ் பேட்டை ஜவ்வரிசி இறங்கும், கோர்படிக் கை மட்டும் கசக்குமோ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கவரத்தித் தீவில் இறங்குவது ஒரு சர்க்கஸ். கரையில் ஆழம் இல்லை என்று கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும். கப்பலின் வயிற்றில் ஒரு கதவைத் திறப்பார்கள். கீழே ஒரு சின்னப் படகு ஏறி இறங்கிக் கொண்டிருக்கும். அது மேலே வரும் கணத்தில் குதிக்க வேண்டும். புனே ஸ்டேஷனில் நகரும் பஸ்ஸில் ஏறிப் பழகியவள் நான், குதித்துவிட்டேன். இவர் படகு கீழே போன பிறகு யோசித்துக் குதித்தார். செந்தில்தான் இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துத் தாங்கினான். பிடித்தபோது அவனுடைய கூலிங் கிளாஸ் கடலுக்குள் போய்விட்டது. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மதினியை நடுவில் தூக்கி இரண்டு படகோட்டிகள் கேஸ் சிலிண்டர் மாதிரி கைமாற்றினார்கள். அந்த அம்மாள் முகம் பச்சையாக இருந்தது. பட்டினி ஒரு பக்கம், அலை ஒரு பக்கம்.

கரை என்றால் கரை! வெள்ளை மணல். தண்ணீர் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவருக்கு இவர் அடித்து நான் திட்டிய அந்தப் பச்சை நிறம். தென்னை மரத்தடியில் மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: பகலில் தீவுகளைப் பார்த்துவிட்டு ராத்திரி கப்பலிலேயே தூங்கலாம். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் இங்கேயே ரிசார்ட்டில் தங்கிவிடலாம், குடில்கள் காலியாக இருக்கின்றன. கப்பல் அடுத்த தீவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஏற்றிக்கொள்ளும்.

அவ்வளவுதான், மாநாடு தொடங்கியது.

"நாங்க ரிசார்ட்டுல இருந்துக்கிடுதோம். வேற பந்தி, வேற அடுப்பு. ஒரு சங்கடமும் இல்ல" என்றார் மதினி.

"அப்போ பிள்ளைக எப்படிப் பார்த்துப் பேசும்?" என்றார் சண்முகம் அண்ணன். "நாம வந்ததே அதுக்குத்தானே?"

"நாம ரிசார்ட்டுக்குப் போவோம், அவுக கப்பல்ல இருக்கட்டும்" என்றார் இவர், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி.

"எப்படிப் பிரிச்சாலும் ஒண்ணுதானே அங்கிள்" என்றான் செந்தில் பணிவாக. கணக்குத் தெரிந்த பையன். எனக்கு அவனைப் பிடித்துத் தொலைத்தது, அதுதான் என் கஷ்டமே.

கடைசியில் அவர்கள் ரிசார்ட், நாங்கள் கப்பல் என்று ஆயிற்று. படகு கிளம்புவதற்கு முன் செந்தில் இரண்டு இளநீரோடு வித்யாவிடம் வந்தான். நான் சற்றுத் தள்ளி நின்று சிப்பி பொறுக்கினேன். காது அங்கேதான்.

"வேண்டாம். நான் இன்னும் டிசைட் பண்ணல" என்றாள் வித்யா.

"இது இளநீர்தானே?"

"உங்க வீட்டு ரூல் உங்களுக்கு. என் ரூல்ல இளநீரும் சாப்பாடுதான்."

அவன் சிரித்தான். "நியாயம்தான். அப்போ நானும் குடிக்கக் கூடாது" என்று இரண்டையும் எங்கள் படகோட்டியிடமே கொடுத்துவிட்டான். படகோட்டி இரண்டையும் குடித்துவிட்டு, "நல்ல பிள்ளைகள்" என்று மலையாளத்தில் ஆசீர்வாதம் செய்தார்.

அடுத்த தீவு கல்பேனி. அழகைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் எங்கள் வீட்டுக்காரரைச் சொல்கிறேன். அந்தத் தீவில் ஒரு பனியன் தைக்கிற ஆலை இருக்கிறது. கடல் பார்க்க வந்த மனுஷன் தண்ணீரில் கால்கூட நனைக்காமல் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டார். மெஷின் என்ன வேகம், ஊசி எங்கிருந்து வருகிறது, ஷிப்ட் எத்தனை என்று ஒரே விசாரணை. சங்கு மாலை வாங்கித் தருவார் என்று நான் நினைத்தேன். ஆறு பனியன் வாங்கினார்.

மத்தியானம் தென்னந்தோப்பில் எங்களுக்கு இலையில் சாப்பாடு. காக்காய்கள்கூட நம் ஊர்க் காக்காய்தான், பயமே இல்லை. வித்யா சாப்பிடாமல் விரலால் சோற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பையன் ஓகே" என்றாள் திடீரென்று.

கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தேன்.

"அவன் ஓகே. ஆனா நான் நோ தான் சொல்லப்போறேன். ஒரு பிளேட் சாதத்தை அப்படிக் கீழ வைச்சாங்க இல்ல, அந்த ஆன்ட்டி கூட நான் எப்படி ஒரே வீட்டுல இருப்பேன்? தினமும் மூணு வேளை, அம்மா."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் சொன்னதில் என்ன தப்பு? என் பிள்ளைக்கு என்ன குறை, யாரோ தட்டைக் கீழே வைக்கிற அளவுக்கு? நாலாவது வரனும் போச்சு என்று ஒரு பக்கம் அழுகை, போனால் போகட்டும் போ என்று ஒரு பக்கம் வீம்பு. திரும்பும் கப்பலில் எனக்கு வந்த மயக்கத்துக்குக் கடல் மட்டும் காரணமில்லை.

கப்பல் மறுபடி கவரத்திக்கு வந்தது. ரிசார்ட்காரர்களை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் கொச்சிக்குக் கிளம்ப வேண்டும், அதுவரைக்கும் தீவில் இறங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நாங்கள் ஏறிய படகின் இன்ஜின், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருமிக்கொண்டே நின்றுவிட்டது. படகோட்டி அதை அடித்தார், கெஞ்சினார். இவர் இறங்கி உதவட்டுமா என்று கேட்டார். சும்மா உட்காருங்கள் என்றேன். வேறொரு படகு வந்து எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தபோது, மத்தியானச் சாப்பாடு முடிந்து அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பசியில் எனக்குக் காது அடைத்தது.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. தேங்காய்ப்பால், இஞ்சி, பூண்டு. திருநெல்வேலிக்காரி மூக்குக்குத் தப்புமா? சொதி! கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற சொதி. வாசத்தைப் பிடித்துக்கொண்டே போனேன், அது ரிசார்ட் சமையலறையில் போய் நின்றது. உள்ளே செண்பகம் மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறார். இரண்டு சமையல்காரர்கள் மூலையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

"வாங்க மதினி" என்றார். "எல்லாத்துலயும் மாசிக் கருவாடு வாசம். பொறுத்துப் பார்த்தேன், முடியல. இந்த ஊர்ல தேங்காய்க்கா பஞ்சம்னு நானே எறங்கிட்டேன். பீன்ஸ் இல்ல, சீமைப்பலாக்காய் போட்டிருக்கேன்."

பசி, கோபம், இன்ஜின், பனியன் எல்லாம் சேர்ந்து என் வாயில் வந்துவிட்டது. "சொதி வைக்கத் தெரியுது. ஒரு சின்னப் பொண்ணு ஆசையாக் கொடுத்த தட்டை வாங்கி ஒரு வாய் வைக்கத் தெரியலையே மதினி? என் பிள்ளை கையில என்ன விஷமா இருக்கு?"

மதினி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"நான் ஒரு வாய் வச்சிருந்தா என்ன ஆயிருக்கும், சொல்லுங்க பார்ப்போம்? உங்க வீட்டுக்காரக அப்பவே சந்தோஷத்துல குதிச்சிருப்பாவ. எங்க வீட்டுக்காரக கொச்சியில எறங்கின உடனே ஊருக்கெல்லாம் போன் போட்டிருப்பாவ. அப்புறம் அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா எப்படி வேண்டாம்னு சொல்லும்? அவுகதான் கை நனைச்சிட்டாவளேன்னு நீங்களே அதட்டி உக்கார வச்சிருப்பிய."

வச்சிருப்பேன்தான்.

"எனக்கு அப்படித்தான் ஆச்சு" என்றார் மதினி, அடுப்பைத் தணித்துக்கொண்டே. "மாமியா ஒரு உருண்டை சோத்தை வாயில போட்டாவ. நான் அடுக்களையில இருந்தேன். எல்லாரும் சிரிக்குத சத்தம் கேட்டுச்சு, எனக்குக் கல்யாணம் முடிவாயிட்டுதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். எவன்னே பார்க்கல. உங்க பிள்ளை தட்டை நீட்டினப்ப எனக்கு எச்சில் ஊறிச்சு மதினி. பசி உயிர் போச்சு. ஆனா அது முகத்துல சம்மதமும் இல்ல, ஒண்ணும் இல்ல, பாவம், ஏதோ வயசான பொம்பளைன்னு கொடுக்கு. அதை வாங்கித் தின்னுட்டு நான் எப்படி அதைக் கட்டிப் போடுவேன்?"

ஜவ்வரிசி நினைவு வந்து வெட்கமாக இருந்தது. திரும்பினால், வாசல் நிலையில் வித்யா. எப்போதிலிருந்து நிற்கிறாளோ! அவளுக்குத் தமிழ் படிக்க வராதே தவிர, கேட்டால் எல்லாம் புரியும்.

இதற்குள் ஆண்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். வெளித் தாழ்வாரத்தில் மேசை போட்டுச் சோற்றையும் சொதியையும் இஞ்சித் துவையலையும் கொண்டு வைத்தார் மதினி. சண்முகம் அண்ணன் எங்களைப் பார்த்துச் சங்கடமாக நெளிந்தார். சாப்பிடச் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது.

"நாங்க இப்பதான் சாப்பிட்டோம்" என்றார் இவர். அந்த நேரம் பார்த்து இவர் வயிறு போட்ட சத்தம் சமையல்காரர்களுக்கே கேட்டது.

வித்யா யாரையும் பார்க்கவில்லை. குழாயடிக்குப் போனாள். இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு தட்டை எடுத்துத் தன் முன்னால் வைத்தாள்.

"அத்தை, எனக்குச் சாதம் போடுங்க. சொதி நிறைய."

இவர் என்னைப் பார்க்கிறார், நான் மதினியைப் பார்க்கிறேன். மதினி சோற்றைப் போட்டுச் சொதியை ஊற்றினார். ஒரு கரண்டி சொதி தட்டுக்கு, அரைக் கரண்டி மேசைக்கு. வித்யா பிசைந்தாள், ஒரு பெரிய கவளம் வாயில் வைத்தாள், மென்றாள், விழுங்கினாள். எங்கள் வம்சத்தில் ஒரு பெண் தன் கல்யாணத்துக்குத் தானே கை நனைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"அம்மா, உன் சொதியை விட நல்லா இருக்கு" என்றாள். அழுகை உடனே நின்றது.

பிறகு அவளே எழுந்து இன்னொரு தட்டில் சோறு போட்டு, சொதி ஊற்றி, துவையல் வைத்து மதினியிடம் நீட்டினாள். "இப்ப சாப்பிடலாம் இல்ல, அத்தை?"

மதினி வாங்கி, நின்றபடியே சாப்பிட்டார். உட்காரக்கூடப் பொறுக்கவில்லை. அத்தனை பசி. இவர் சண்முகம் அண்ணனைக் கட்டிப் பிடித்தார், எனக்கொரு தட்டு என்று நான் கேட்டேன், கரையில் படகோட்டி கிளம்பலாம் என்று கத்தினார், ஒரே அமளி. யார் எந்தக் குடிலில், யார் எந்தக் கேபினில் என்கிற பேச்சே அதன் பிறகு எழவில்லை. ஒரே படகு, ஒரே பந்தி என்று ஆகிவிட்டது.

அந்த அமளியில் நாங்கள் ஐந்து பேரும் ஒருவனை மறந்துபோனோம். செந்தில் தூணோரம் காலித் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். அவனை யாருமே கேட்கவில்லை, பிடித்திருக்கிறதா என்றும் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை.

வித்யாதான் பார்த்தாள். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்களுக்குப் பசிக்குதா?" என்று கேட்டாள்.

"கப்பல் ஏறினதுலேர்ந்து" என்று தட்டை நீட்டினான்.